கிடங்கில் இருந்த ஏரி

கணக்கு அலுவலர் விடுப்பில் இருந்த வாரத்தில் நகரசபையின் ஆண்டறிக்கை அச்சுக்குப் போனது. சொத்துப் பட்டியலில் ‘ஏணி ஒன்று’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஏரி ஒன்று’ என்று வந்துவிட்டது. உறுப்பினர்கள் வழக்கம்போல அட்டையைப் பார்த்தார்கள், அவரவர் புகைப்படத்தைத் தேடிப் பார்த்தார்கள், ஒருமனதாகக் கை தூக்கினார்கள்.

எல்லோரும் கணக்கம்மா என்று கூப்பிடும் அந்த அலுவலர் திரும்பி வந்தபோது, மேசையில் ஒரு பில் காத்திருந்தது. ‘ஏரி தூர் வாரிய செலவு.’ கொடுத்தவர் சபையின் ஒப்பந்ததாரர். தும்மினால்கூட பில் போடுகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே ‘பில்லு’. பில்லின் அடியில் நகரசபைத் தலைவியின் கையெழுத்து இருந்தது. தலைவி வேறு யாருமில்லை, கணக்கம்மாவின் நாத்தனார்தான்.

பில்லை எடுத்துக்கொண்டு தலைவியின் அறைக்குப் போனாள்.

“அண்ணி, நம்ம ஊர்ல ஏரி எங்க இருக்கு?”

தலைவி நிமிரவில்லை. “அறிக்கையில இருக்குல்ல?”

“அறிக்கையில இருக்கு. ஊர்ல இல்ல.”

“நீ லீவுல இருந்தப்ப என்னென்னமோ வேலை நடந்துச்சு.”

“ஏரி வர்ற அளவுக்கா அண்ணி?”

கணக்கம்மா போன வருடத்து அறிக்கையில் அதே இடத்தில் ‘ஏணி ஒன்று’ என்று இருந்ததை எடுத்துக் காட்டினாள். தலைவி முகத்தில் ஈயாடவில்லை.

“நாளைக்கு தணிக்கைக்காரர் வர்றாரு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடு. குடும்ப மானம்.”

“ஊர்ப் பணம் அண்ணி. கேட்டா சொல்லிடுவேன்.”

அன்று இரவு வீட்டில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட கணக்கம்மாவின் கணவன் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் வந்த தணிக்கைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம், அறிக்கையை முழுசாகப் படிப்பார். மதியத்துக்குள் ஏரியைப் பிடித்துவிட்டார். பில்லுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏரிய ஒரு தடவ பாத்துடலாமே.”

“வெயில் ஜாஸ்தியா இருக்கு சார்,” என்றார் பில்லு.

“குடை இருக்கு.”

“ரொம்ப தூரம் போகணும் சார்.”

கணக்கம்மா நாத்தனாரைப் பார்க்காமல் எழுந்தாள். “தூரமெல்லாம் இல்ல சார். அடுத்த ரூம்தான்.”

கிடங்கில், கால் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. தணிக்கைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல எத்தன லோடு மண்ணு எடுத்தீங்க?”

பில்லு அசரவில்லை. “மண்ணு கம்மி சார். ஒட்டடைதான் நிறைய.”

தணிக்கைக்காரர் ஒரு படியை விரலால் தடவினார். விரல் கறுத்துப்போனது. “அதையும் எடுக்கலையே.”

பில் ரத்தானது. பில்லுவுக்கு இனி எந்த வேலையும் தரக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஏரியை மறுபடி ஏணியாக்க அவசரக் கூட்டம் கூடியது. அங்கே தலைவி எழுந்து, தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை மென்று விழுங்காமல் சொன்னாள். ஒரே ஓர் உறுப்பினர் மட்டும் தீர்மானத்தை எதிர்த்தார்.

“படகு விடப்போறோம்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டேன். இப்ப ஜனங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

“ஏறிப் பாக்கச் சொல்லுங்க,” என்றாள் தலைவி.

மிச்சப் பக்கங்களையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும் என்று முடிவானது. பாதி அறிக்கைக்குள் சிலர் குறட்டை விடத் தொடங்கினார்கள். தலைவி தன் நாற்காலியைக் கணக்கம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“ஏய், இந்த ‘தேய்மானம்’னா என்ன? இத்தன வருஷமா சும்மா தலையாட்டிட்டு இருக்கேன்.”

கணக்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பென்சிலைக் கையில் எடுத்தாள்.