நிறஞ்சலா பிடித்து வைத்த மழை

1.

இந்தக் கதை ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் பரலிலிருந்து வந்தது. மன்னாரில் பேசாலைப் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் தேங்காய் மட்டைத் துண்டுகளில் விரல் நீள ஓர்க்கிட் செடிகள் தொங்கின. பக்கத்தில் இருந்த பரலின் மூடியில் கை வைத்தேன். "அதைத் தொடாதேங்கோ தம்பி" என்றார் வீட்டுக்காரர். நடந்தது அவ்வளவுதான். மீதி முழுக்க என் சொந்தச் சரக்கு.

2.

முதல் வரிக்குப் பட்ட பாடு சொல்லி மாளாது.

அன்று கடல் அமைதியாக —

சீ, வேண்டாம்.

மனைவியை இழந்த டொமினிக் —

இதில் அவள் வந்த உடனேயே போய்விடுகிறாள். பாவம், கொஞ்ச நேரமாவது இருக்கட்டும்.

ஆகவே இப்படி: நிறஞ்சலாவுக்கு ஓர்க்கிட் என்றால் பைத்தியம். குருநாகலில் வாங்கிய ஒரே செடியைப் பிரித்துப் பிரித்துத் தாழ்வாரம் நிறைய ஆக்கிவிட்டாள். கடற்தொழில் செய்யும் புருசன் டொமினிக், ஆசையாக ஒரு செடியைப் பழைய வள்ளத்துப் பலகையில் மீன்பிடித் தங்கூசி நூலால் கட்டிக் கொடுத்தார். அது கருகிப்போனது.

"இஞ்சேருங்கோ, கடலில ஊறின பலகை! என்னை இந்தக் கரையில கொண்டுவந்து போட்டது காணாதெண்டு இதையும் உப்பில கட்டினியளோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

(இடைக்குறிப்பு: இந்தச் செடிகள் மரத்தில் தொற்றி நிற்கும்; மரத்திடம் ஒன்றும் பிடுங்காது. ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்துத் தெளிப்பாள். தாகத்தில் வேர் வெள்ளையாக இருக்கும், நனைந்தால் பச்சையாகும். அந்த நிறம் மாறுவதை டொமினிக்கையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.)

3.

உயிர்த்த ஞாயிறு கழிந்து நிறஞ்சலா செத்துப்போனாள். நோயின் பெயரை எழுதி வெட்டிவிட்டேன். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

பூசையெல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு டொமினிக் பரலைத் திறந்தார். போன மாரியில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தொப்பலாக நனைந்து அவள் பிடித்த தண்ணீர். தெளித்தார். வேர் பச்சையானது. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

பிறகு ஒழுங்காகத் தெளித்து வந்தார். ஓகஸ்ட் மாத மடு மாதா திருநாள் நேரத்தில் பரலுக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். தெளிக்கத் தெளிக்கத் தீர்ந்துகொண்டிருந்தது அவள் பிடித்த மழையல்லவா! அதற்குப் பிறகு அவருக்குக் கை வரவில்லை. வறண்ட சோளகக் காற்று போட்டுக் காய்ச்சியது. செடிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஒன்றே ஒன்று மட்டும் தாக்குப்பிடித்து, மிளகளவு மொட்டும் விட்டிருந்தது.

நானாட்டானில் கலியாணம் கட்டியிருக்கும் மகள் கிறேஸ் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"என்னப்பா இது? பரலில தண்ணி கிடக்குது, ஊத்தாமல் சாக விட்டிருக்கிறியள்!"

"அது அம்மா பிடிச்ச தண்ணி, பிள்ளை."

"செடியும் அம்மா வைச்சதுதானே?"

டொமினிக் பரலின் மூடியை அமர்த்தி மூடினார். நான் பேனையை வைத்துவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கட குளத்துத் தண்ணி கொண்டு வாறன். அதுவரைக்கும் மொட்டு தாங்காது. இதைத் தெளியுங்கோ அப்பா" என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

4.

முடிவுகள்.

கிறேஸ் செடியைத் தன்னோடு கொண்டுபோகிறாள் என்று எழுதினேன். வெறுந் தாழ்வாரத்தில் அந்த மனிசனை இருத்திப் பார்க்க மனம் கேட்கவில்லை, கிழித்துவிட்டேன்.

மழையைப் பெய்ய விடேன் என்பீர்கள். ஒரு வரி போதும், விடலாம். புதுத் தண்ணீரை வாளியில் பிடிப்பார், பரல் மூடியபடி கிடக்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மன்னாரில் கேட்ட நேரத்தில் மழை வந்ததை நீங்கள் எப்போதாவது கண்டதுண்டா?

டொமினிக் இப்போது பரலடியில் நிற்கிறார். தெளிக்கும் போத்தலில் அந்தத் தண்ணீரை நிரப்பி, கையில் கொடுத்துவிட்டேன். விரலை அமர்த்தினால் அவள் பிடித்த மழை தீரும். அமர்த்தாவிட்டால் அவள் வளர்த்த கடைசிச் செடி —

எனக்கு ஏலாது. அவளை ஒரு தடவை சாகவிட்டவன் நான். இன்னொரு தடவை எழுதச் சொல்லாதீர்கள். அவருடைய விரல் போத்தலில் இருக்கிறது, இனி நீங்கள் பாருங்கள். வேர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.