புளோரன்ஸுக்குப் போன ஐந்து நாள்

நாலு லட்சத்து எண்பதாயிரம் லீரா. நிலக்ஷி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அந்தத் தொகையை இரண்டாம் முறை சொன்னபோது, அருளம்பலம் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றார். வேட்டி கட்டி எட்டு வருடமாகிவிட்டது. இடுப்பில் நிற்குமோ என்ற பயத்தில் தோட்டத்துக்குப் போடும் பெல்ட்டை எடுத்திருந்தார். மனைவி ஞானம்பிகையின் பெட்டி பதினொரு மணிக்கு வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா தரவேண்டிய காசாம் அப்பா. இனித் தரத் தேவையில்லை, அதை மறந்திடுங்கோ எண்டு சின்யோரா சொல்லுறா."

"என்ன காசு?"

மகள் இத்தாலிய மொழியில் கேட்டுவிட்டுத் திரும்பினாள். செப்டெம்பரில் புளோரன்ஸுக்குப் போக வாங்கியதாம்.

அருளம்பலத்துக்கு விளங்கவில்லை. அந்தப் பயணம் சின்யோராவுக்குத் துணையாகப் போனது. வேலைக்குப் போனவளுக்கு எதற்குக் கடன் என்று கேட்கச் சொன்னார். நிலக்ஷி கேட்டாள். மறுமுனையில் ஞானம்பிகை வேலை செய்த வீட்டுக் கிழவி நெடுநேரம் பேசினாள். மகளின் கண் சுவரில் தொங்கிய கலண்டரிலேயே நின்றது.

"சின்யோரா போகேல்லையாம்" என்றாள் கடைசியில். "ரெண்டு வருசமா அவ வீட்டுப் படியே இறங்கேல்லையாம். அம்மா தனியத்தான் போனவவாம்."

குசினியில் நாகபூசணி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பக்கத்துத் தெருவில் இருப்பவள், செத்தவீடு என்றால் கூப்பிடாமலே வந்து எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்கிறவள். அவள் காதுக்கு எட்டாத சங்கதி சீசா என்ற அந்தப் பகுதியிலேயே இல்லை. அருளம்பலம் மகளிடம் போனை வைக்கச் சொன்னார்.

ஞானம்பிகை அந்த வீட்டில் ஏழு வருடம் வேலை செய்தாள். சின்யோரா அமாத்தோ பியானோ படிப்பித்து ஓய்ந்தவள். காலையில் அங்கே சமையலும் துப்புரவும், பின்னேரம் இரண்டு கட்டடங்களுக்குப் படி துடைப்பு. முந்தநாள் சின்யோரா வீட்டிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். சியாகுல்லித் தோட்டத்தில் மரத்தில் ஏணி சாத்தி மந்தரின் தோடம்பழம் பறித்துக்கொண்டிருந்த அருளம்பலத்துக்கு ஆள் வந்து சொல்லி, அவர் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை.

செப்டெம்பரில் துறைமுகம் வரை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். சின்யோரா மருமகனின் காரில் முன்னுக்கே வந்து ஏறிவிட்டா என்றாள். நீங்கள் இதிலை நில்லுங்கோ, நாளைக்கு வெள்ளெனப் போகவேணுமெல்லோ, என்று கப்பல் படிக்கட்டடியில் பையை வாங்கினாள். அவரும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வந்தபின் நாகபூசணி இதே குசினியில் இருந்து, ஞானமக்கா ஊர் சுத்திவந்து முகம் மினுங்குது, என்ன சங்கதி என்று பகிடி விட்டாள். அருளம்பலமும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்து நாள். ஒருத்தி தனியாகப் போய் என்ன செய்வாள்? தனியாகத்தான் போனாளா?

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை கட்டிலடியில் கிடந்தது. அதை ஒருவரும் திறக்கவில்லை. அவர் அவிழ்த்தார். செருப்பு, குடை, பஸ் ரிக்கற், வீட்டுத் திறப்புக் கொத்து, கறுத்த மட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று. விரித்தார். உள்ளே தமிழ். முதல் பக்கத்தின் தலையில் 'புளோரன்ஸ்' என்று இருந்தது.

வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் ஒன்றுதான். கொப்பியை வேட்டிக்குள் செருகிக்கொண்டு குளியலறைக்குள் போய், குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்தார்.

அவருக்கு எழுத்து நாற்பத்தாறாம் வயதில் வந்தது. அதுவும் ஞானம்பிகை தந்தது. இத்தாலிக்கு வந்த புதிதில், மந்தரின் சுற்றுகிற மெல்லிய தாளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கரிக்கட்டைப் பென்சிலால் எழுதிக் காட்டினாள். இன்றைக்கும் அவர் விரல் வைத்துத்தான் வாசிப்பார். ஒரு வரி முடிய ஒரு கூடை பழம் பறித்த களைப்பு வரும்.

*கப்பலில் கதிரைதான் எடுத்தேன். கட்டிலுக்குக் காசு காணாது. இயந்திரம் விடியுமட்டும் ஒரே சுருதியில் நின்றது. அதற்கு மேலே நானாக ஏதோ பாடிப் பார்த்தேன். ஒருவருக்கும் கேட்காது.*

கதவைத் தட்டினார்கள். பெட்டி வந்துவிட்டதாம்.

மூன்றாம் மாடி. படி ஒடுக்கம். ஊர்ப் பெடியளும் கீழ்வீட்டு இத்தாலியரும் சேர்ந்து பெட்டியை நிமிர்த்தியும் சரித்தும் ஏற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவன் மெதுவா, மெதுவா என்றான். நடு அறையில் வைத்துத் திறந்தபோது அவளுக்கு யாரோ ஊதாச் சேலை கட்டியிருந்தது தெரிந்தது. அந்தச் சேலை அவளுக்குப் பிடிக்காது.

நாகபூசணி பெண்களைக் கூட்டி ஒப்பாரியைத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுச் சனம் யன்னலைத் திறந்து பார்த்தது. அருளம்பலம் ஐந்து நிமிடம் இருந்தார். பிறகு எழுந்து திரும்பவும் குளியலறைக்குப் போனார்.

*இன்று ஒரு மடத்துக்குப் போனேன். படியேறினால் நேரே சுவரில் படம். முதுகில் செட்டை வைத்த ஒருவர் வந்து குனிந்து நிற்கிறார். மரியாள் முக்காலியில் இருக்கிறா. அவவின் இடத்தில் கட்டில் இல்லை, அலுமாரி இல்லை, தூசி பிடிக்க ஒரு சாமான் இல்லை. இதைக் கூட்டித் துடைக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். மிச்ச நேரம் முழுக்க நானும் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.*

அவர் தேடியது வேறு. எங்கேயாவது ஓர் ஆண்பிள்ளையின் பெயர் வருகிறதா என்று விரலை வேகமாக ஓட்டப் பார்த்தார். எழுத்துகள் ஓடவில்லை. அவை ஒவ்வொன்றாகத்தான் அவரிடம் வரும்.

*கோயிலில் இலவசக் கச்சேரி. வயலின்காரர் நாலு பேர். பாட்டு நடக்கும்போது ஒருவரும் அசையவில்லை. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கமுதல் எல்லாரும் இருமுகிறார்கள். அதுவரை இருமலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கடை சனம் மேளக்காரருக்கு முன்னால் இருந்து கலியாணம் பேசி முடித்துவிடும். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நானும் இருமலைப் பிடித்து வைத்திருந்தேன்.*

வெளியே ஆண்கள் அவருக்கு வயிறு சரியில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். தவராசா ஓமத்தண்ணீர் வைத்துக் கொண்டுவந்து கதவடியில் நின்றான். தேவாரம் தெரிந்த ஆள் பலெர்மோவில் அவன்தான் என்பதால் ஐயர் வேலையும் அவன் தலையில்.

"அண்ணை, இதைக் குடிச்சிட்டு வாங்கோ. வாய்க்கரிசி போடவேணும். வண்டிக்காரன் மணி பார்க்கிறான்."

அருளம்பலம் குடித்தார். வெறும் வயிற்றில் அது எரித்துக்கொண்டு இறங்கியது.

பெண்கள் போட்டார்கள். நிலக்ஷி போட்டாள். அவருடைய கையில் அரிசியைக் கொடுத்தார்கள். ஞானம்பிகையின் உதடு இறுகச் சாத்தியிருந்தது. இருபத்துநாலு வருடம் இந்த வாய் அவரோடு கதைத்திருக்கிறது. பாணுக்கு, பருப்புக்கு, வாடகைக்கு, நிலக்ஷியின் படிப்புக்கு. கை அந்தரத்தில் நின்றது. ஆரோடை போனனீ என்று மனதுக்குள் ஒருமுறை கேட்டார். சுற்றி நின்றவர்கள் அவர் உடையப்போகிறார் என்று நினைத்துத் தோளைப் பிடித்தார்கள்.

"அழுங்கோ அண்ணை" என்றாள் நாகபூசணி. "அடக்கினால் நெஞ்சிலை கட்டியாப் போயிடும்."

அரிசி உதட்டில் பட்டுக் கன்னத்தால் வழிந்தது. அவர் அழவில்லை.

எரிக்கிறதுக்கு அனுமதிக் கடதாசி கிடைக்கக் கனநாள் எடுக்கும் என்றபடியால் புதைக்க முடிவாகியிருந்தது. ஊர் முறைப்படி பெண்கள் வீட்டில் நிற்க, நிலக்ஷி மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு இறங்கினாள். மலையடியில், கடலைப் பார்த்தபடி கல்லறைகள் நிறைந்த சேமக்காலை. காற்று வேட்டியைப் பிடுங்கியது. பெல்ட் காப்பாற்றியது. தவராசா தேவாரம் பாட, தூரத்தில் கப்பலொன்று ஊதியது. அருளம்பலம் மண் போட்டுவிட்டுக் கப்பலைப் பார்த்தார். அவள் ஏறிப்போன நாப்பொலிக் கப்பலாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து குளித்துத் தோய்ந்தபோது கீழ்வீட்டுக்காரி பெரிய சட்டியில் கோழிச்சாறு கொண்டுவந்து வைத்திருந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர் கொடுக்கவேணும் என்பது இந்த ஊர்க்காரருக்கும் வழக்கம். முப்பத்தொரு நாளும் இங்கே மச்சம் மாமிசம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. நாகபூசணி சிரித்த முகத்தோடு வாங்கி, கட்டிப்பிடித்து நன்றி சொல்லி, அவள் இறங்கியதும் சட்டியைத் தன் வீட்டுக்கு அனுப்பினாள். செத்தவீட்டுக்குத்தான் துடக்கு, என்ரை மனிசனுக்கில்லை என்றாள். நிலக்ஷி இரண்டு நாளில் முதல்முறை சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள்.

அருளம்பலம் தலை துவட்டாமல் கொப்பியோடு உள்ளே போனார்.

*ஒரு கடையில் ஒரு கிழவி தனியே மேசையில் இருந்து கேக் சாப்பிட்டா. நீ ஆர், ஆரின்ரை ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் மற்ற மேசையில் இருந்தேன். என்னையும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் சந்தோசம். பிறகு ஆராவது கேட்டால் நல்லது போல இருந்தது.*

*கன்னியாஸ்திரிகளின் விடுதி. ஒன்பது மணிக்குக் கதவு பூட்டு. கட்டில் ஒன்று, சிலுவை ஒன்று.*

ஆண்பிள்ளை ஒருவரும் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வந்தது அவர்தான்.

*இவருக்குச் சொல்லாமல் வந்தேன். சொன்னால் விடமாட்டார் என்று இல்லை. விடுவார். விட்டுவிட்டு, நான் விட்டனான் என்று சாகுமட்டும் சொல்லுவார். அதுதான்.*

விரல் அந்த 'அதுதான்' இல் நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டியது. அவர் அதைத் திருகி இறுக்கினார். இன்னும் சொட்டியது.

கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிதான். சண்டையால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து தங்கச்சி மரத்தடியில் இருப்பதாகச் செய்தி வந்ததாம். சின்யோராவின் கடனுக்கென்று சேர்த்ததை அவளுக்கு அனுப்பியதாம்.

முப்பத்தோராம் நாள் கழிந்தது. சடங்குக்கு வந்தவர்கள் போனபின், நிலக்ஷி தாயின் அலுமாரியைத் துப்புரவாக்கி, தங்கச்சிக்கு என்று தொடங்கி முடிக்காத கடிதம் ஒன்றை மேசையில் வைத்தாள். சித்திக்கு அனுப்ப வேணும், அம்மா என்ன எழுதினவ எண்டு வாசியுங்கோ என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்து அரைகுறை.

அருளம்பலம் விரலை வைத்தார். வாசிக்க முடியவில்லை. எறும்பு ஊர்ந்தமாதிரிச் சின்ன எழுத்து, சரிந்து, ஒன்றோடொன்று நெருங்கி. ஞானம்பிகை எப்போதும் இப்படித்தான் எழுதுவாள், கடைச் சிட்டையைக்கூட.

அவர் போய்க் கொப்பியை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தார். அதில் எழுத்துகள் பெரிதாக, நிமிர்ந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நின்றன. அவருக்கென்று மந்தரின் தாளில் எழுதிக் காட்டியபோது நின்றமாதிரி.

நிலக்ஷி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

அடுத்த நாள் விடிய சியாகுல்லிக்குப் போனார். பறிப்பு முடியப்போகிற காலம். மேஸ்திரியிடம் ஞாயிறும் வருகிறேன் என்றார். இருபது நாள் கழித்துக் கூலி வாங்கிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை நேரே சின்யோரா வீட்டுக்குப் போனார்.

கதவு திறக்க நேரமெடுத்தது. கிழவி தடியை ஊன்றி வந்தாள். அவரைப் பார்த்ததும் கையைப் பிடித்தாள். புது ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம். வீட்டைப் பார்க்கவே தெரிந்தது. உள்ளே பியானோ மூடியபடி நின்றது. குசினிக் கதவு நிலையோடு ஒட்டி ஒரு முக்காலி போட்டிருந்தது, பியானோவைப் பார்த்தபடி. ஞானம்பிகை பயற்றங்காய் நறுக்கிறதும் உருளைக்கிழங்கு தோலுரிக்கிறதும் அதிலிருந்துதான் என்று சின்யோரா சொன்னாள். நான் பிழையாக வாசித்தால் கத்தி நின்றுவிடும் என்றாள்.

அருளம்பலம் பணத்தை எடுத்துப் பியானோவின் மூடியில் வைத்தார். சின்யோரா தலையை ஆட்டினாள். அது முடிந்துபோன கதை, நான் போனிலேயே சொன்னேனே, மகள் சொல்லவில்லையா என்றாள். அவர் பஸ்ஸில் மூன்று முறை சொல்லிப் பார்த்த இத்தாலிய வசனத்தைச் சொன்னார். போனது அவள், கட்டுகிறது நாங்கள், தானம் வேண்டாம். சின்யோரா அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு எண்ணாமலே தாள்களை எடுத்து, பக்கத்தில் கிடந்த இசைப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

பணம் இருந்த இடத்தில் தூசி அழிந்து, கறுத்த பலகையில் கை அகலத்துக்கு ஒரு சதுரம் மினுங்கியது. அருளம்பலம் கதவு வரை போனவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து உதறினார். அந்தச் சதுரத்தை விட்டுவிட்டு, மூடியின் தொங்கல் நுனியிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.