டாக்டர் விட்டுப்போன சிலிண்டர்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் விறகு எரியாது. ஐந்தருவி ரோட்டில் சாப்பாட்டுக் கடை நடத்திய இராமலட்சுமிக்கும் அவள் தங்கை வடிவாம்பாளுக்கும் கையில் நாலு காசு புரளும் மாதங்கள் அவைதான். அடுப்போடு மல்லுக்கட்டும் மாதங்களும் அவைதான். அக்கா ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். தங்கைக்கு இழுப்பு உண்டு. புகை மண்டினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நனைந்தபடி நிற்பாள்.

அவர்கள் வீட்டு மாடியில் ஒவ்வொரு சீசனுக்கும் கொல்லத்து டாக்டர் குருவிளா குடும்பத்தோடு வந்து தங்குவார். ஒரு வருஷம் அவர் மனைவி காரில் ஒரு காஸ் சிலிண்டரையும் அடுப்பையும் கொண்டுவந்து இறக்கினாள். அந்தத் தெருவில் அதற்கு முன்பு யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. திருகினால் நீலமாகத் தீ வந்தது. புகை இல்லை, சாம்பல் இல்லை. அந்தச் சீசன் முடிந்து கிளம்பும்போது டாக்டர் ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். "இது இனி எனிக்கு எதுக்கு? நிங்கள் வச்சோ" என்று இரண்டையும் சகோதரிகளிடமே விட்டுவிட்டுப் போனார்.

வடிவாம்பாள் அதன்மேல் உயிராக இருந்தாள். காஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து காலைக் காப்பிக்கு மட்டும்தான் பற்றவைப்பாள். இராமலட்சுமி அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். அதைத் தாண்டி உப்புச் சாடியை எடுக்க வேண்டியிருந்தால் தங்கையைத்தான் கூப்பிடுவாள்.

அறுபத்தாறாம் வருஷம் சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு காலை தீ வரவில்லை. வடிவாம்பாள் மேலே இருந்த திருகை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தாள். அது சும்மா சுற்றியது. காஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். திருநெல்வேலி ஜங்ஷனில் காஸ் ஏஜென்சி ஒன்று புதிதாகத் திறந்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சிலிண்டரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸின் மேலே ஏற்றி, அங்கே கொண்டுபோனாள்.

ஏஜெண்ட் முத்துக்குமாரசாமி சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்த இளைஞர். சாக்கை விலக்கிப் பார்த்தவுடனே தலையாட்டினார்.

"இது எங்க கம்பெனி இல்லம்மா. கலரே வேற. தலையும் வேற. எங்க ஆளுவ இதுல காஸ் அடைக்க மாட்டாவ."

"அப்ப யாரு அடைப்பா?"

"வாங்கின இடத்துலதான் கேக்கணும்."

"வாங்கலையே, குடுத்தாவ. சரி, இது உதவாதுன்னா யாருக்காவது வித்துரலாமா?"

"விக்கவா? சிலிண்டர் எப்பவும் கம்பெனிக்குச் சொந்தம். உள்ள இருக்க காஸ்தான் உங்களுக்குச் சொந்தம்."

"காஸ்தான் தீந்து போச்சே."

"அப்படின்னா உங்களுக்குச் சொந்தமா ஒண்ணும் இல்ல" என்றார் முத்துக்குமாரசாமி, வருத்தத்தோடுதான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வடிவாம்பாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை மேலே ஏற்றியதற்குக் கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட் வாங்கியிருக்கிறோமே என்று நினைத்தாள். இதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அந்த ஏஜெண்ட் எங்களுடையது இல்லை என்கிறான். டாக்டரோ ஆப்பிரிக்காவில் இருக்கிறார். ஆப்பிரிக்கா என்றால் அதில் எந்த ஊர் என்றும் கேட்டு வைக்கவில்லை.

கொல்லத்தில் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று மறுவாரம் செங்கோட்டை வழியாகப் போகும் ரயிலில் ஏறினாள். சிலிண்டரை ரயிலில் ஏற்றக்கூடாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டதால் வீட்டிலேயே விட்டுப் போனாள். கொல்லத்தில் டாக்டருக்குக் காஸ் கொடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது குடைக்கடை இருந்தது. குடைக்கடைக்காரர் கைகாட்டிய சந்தில், அந்தப் பழைய கடையில் வேலை பார்த்த வயதான ஒருவரைக் கண்டுபிடித்தாள். அவருக்குத் தமிழ் பாதி வந்தது. அவளுக்கு மலையாளம் கால்வாசி வந்தது.

அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்றார். வேறு கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான். எந்தக் கம்பெனி என்று அவருக்கு நிச்சயமில்லை. பிறகு, "தீ வரலன்னா அது காலின்னு ஆரு பறஞ்சு?" என்று கேட்டார்.

"காலின்னாதான வராது?"

"அங்ஙன இல்லம்மா. மேல உள்ள திருகு கேடாயாலும் தீ வராது. காஸ் உள்ள நிக்கும். கழுத்துல காலி வெயிட் எவ்வளவுன்னு அடிச்சிருக்கும். தூக்கி வெச்சு நோக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அதுவரை தீப் பக்கம் கொண்டுபோகண்டா" என்றார்.

வடிவாம்பாளுக்கு வீடு நினைவுக்கு வந்தது. அடுப்பங்கரையில் விறகடுப்புக்குப் பக்கத்தில்தான் அது நின்றிருந்தது. அன்று திரும்பிப் போக வண்டி இல்லாததால் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் முதல் வண்டியைப் பிடித்தாள். ஆரியங்காவு தாண்டி, மலை தாண்டி, தென்காசியில் இறங்கிப் பஸ் பிடித்து வீட்டுக்குள் நுழைந்தபோது சிலிண்டர் இருந்த மூலை வெறுமையாக இருந்தது.

"அக்கா, அது எங்க?"

இராமலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மலர்ச்சி. "வித்தாச்சு. தென்காசி வெல்டிங் கடை ரஹ்மத் பாய் நேத்து வந்து எடுத்துட்டுப் போனாரு. நல்ல இரும்பாம். ரெண்டா வெட்டி டீக்கடைக்கு வெந்நீர்ப் பாய்லர் செய்யப் போறாராம்."

"வெட்டவா? அதுக்குள்ள காஸ் இருந்தாலும் இருக்கும்னு சொல்லுதாவக்கா!"

"நீதான தீந்து போச்சுன்ன?"

"நான் சொன்னேன். நான் சொன்னது சரியான்னு எனக்கே தெரியல!"

களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் இராமலட்சுமி, பழைய குற்றாலம் விலக்குக் கடந்ததும், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஒனக்குப் புகை ஆவலைன்னுதாம்ட்டி வித்தேன். அந்தக் காசுல அடுப்புக்கு மேல புகைக்கூண்டு வச்சுரலாம்னு கொத்தனார்ட்ட பேசிட்டேன்."

வடிவாம்பாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரஹ்மத்தின் கடை தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வாசலில் நாலைந்து பேர் நின்றதைப் பார்த்ததும் இராமலட்சுமி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஆனால் அவர்கள் உடைந்த சைக்கிளைப் பற்றவைக்க வந்தவர்கள். சிலிண்டர் உள்ளே படுக்கப் போட்டிருந்தது. வெட்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. ரஹ்மத் பீடியைக் காதில் செருகியபடி எழுந்து வந்தார்.

"வாங்க ஆச்சி. என்ன, ரெண்டு பேருமா வாறிய?"

"பாய், வெட்டிராதிய!"

"எங்கன வெட்ட? வெட்டுத தீக்குக் கார்பைடு கல்லு வேணும், அது இல்ல. மதுரையிலிருந்து நேத்தே வந்திருக்கணும். சப்ளை பண்ணுதவன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கான். அது வந்திருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும்."

வடிவாம்பாள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ரஹ்மத் சிரித்தார். திருகைச் சுற்றிப் பார்த்ததாகவும், உஸ் என்றுகூடச் சத்தம் வரவில்லை என்றும், அது சுத்தமாகக் காலி என்றும் சொன்னார். அவர் தொழில் தெரிந்தவர். சொன்னதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்டதும் வடிவாம்பாளுக்கே, கொல்லத்துக்காரர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றியது.

"கழுத்துல காலி எடை அடிச்சிருக்குமாம். தூக்கி நிறுத்துப் பாத்திருவோம்" என்றாள்.

எதிரே செல்லச்சாமியின் அரிசி மண்டி. சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினார்கள். ரஹ்மத் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்தார். எண்கள் தெரிந்தன. ஆனால் முதல் எண் துருப்பிடித்து மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

"மூணுதான்" என்றார் செல்லச்சாமி.

"எட்டு, அண்ணாச்சி. வயித்தப் பாருங்க, மூடியிருக்கு" என்றார் ரஹ்மத்.

"மூணுன்னா உள்ள காஸ் இருக்கு. எட்டுன்னா இல்ல. அப்படித்தான?" என்று இராமலட்சுமி கேட்டாள். அப்போது மூட்டை தூக்க வந்த ஒருவர், அது கிலோவா பவுண்டா என்று ஒரு கேள்வியைப் போட்டார். பவுண்டு போய்க் கிலோ வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. செல்லச்சாமி தராசுத் தட்டில் கல்லை மாற்றி மாற்றி வைத்தார். சாமான் வாங்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பென்சிலை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டார். ஒரு தடவை காலி என்று வந்தது. மறுதடவை போட்டுப் பார்த்ததில் முக்கால்வாசி நிறைந்திருப்பதாக வந்தது. மூன்றாம் தடவை சிலிண்டரே அந்த எடை இருக்க முடியாது என்று வந்தது. வாத்தியார் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் பின்னால் நகர்ந்தார்கள். மீதிப்பேர் கிட்டே வந்து தட்டிப் பார்த்தார்கள்.

வடிவாம்பாள் தபால் ஆபீசுக்கு நடந்தாள். திருநெல்வேலிக்கு டிரங்கால் போட்டாள். லைன் கிடைத்தபோது முத்துக்குமாரசாமியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"யாரும்மா? குற்றாலத்துச் சிலிண்டரா? எங்கன இருக்கு? அதத் தொடாதிய! அது எங்களுது!"

"அன்னைக்கு இல்லைன்னியளே!"

"அன்னைக்கு இல்ல. இப்ப எங்களுது. நாளைக்கு வாறேன்."

மறுநாள் காலையில் அவர் ஒரு வேனில் மெக்கானிக்கோடு வந்து இறங்கினார். சிலிண்டரைக் கடையிலிருந்து வெகு தூரத்தில், ரயில்வே மைதானத்தின் நடுவில் நிறுத்தினார்கள். பீடி, சிகரெட் எல்லாம் அணைக்கச் சொன்னார்கள். மெக்கானிக் திருகைப் பார்த்துவிட்டு, உள்ளே மரை தேய்ந்து போயிருக்கிறது, வெளியே எவ்வளவு சுற்றினாலும் உள்ளே திறக்காது என்றார். பிறகு ஒரு ஸ்பானரை வைத்து எதையோ லேசாக நெகிழ்த்தினார்.

உஸ்ஸ் என்று கிளம்பியது. அழுகிய முட்டைக்கோஸ் போல் ஒரு நாற்றம் மைதானம் முழுக்கப் பரவியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. மெக்கானிக் உடனே முடுக்கிவிட்டார்.

"பாதிக்கு மேல இருக்கு சார்."

ரஹ்மத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காதிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்தார், தூரப் போட்டார். "கல்லு வராததுக்கு அவனை நேத்து எவ்வளவு ஏசுனேன்" என்றார்.

சிலிண்டரை வேனில் ஏற்றும்போது இராமலட்சுமி முத்துக்குமாரசாமியை மறித்தாள்.

"தம்பி, வெளங்குற மாதிரி சொல்லுங்க. இது யாருது?"

"அந்தப் பழைய கம்பெனிய எங்க கம்பெனி போன மாசம் வாங்கிட்டுது, ஆச்சி. எனக்கே முந்தாநாள்தான் சொன்னாவ. சிலிண்டர் எங்களுது."

"உள்ள இருக்க காஸ் எங்களுதுன்னு அன்னைக்கு இவகிட்டச் சொன்னிய. பாதிக்கு மேல இருக்காம்லா?"

முத்துக்குமாரசாமி மெக்கானிக்கைப் பார்த்தார். "அதைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று வண்டியில் ஏறினார். தென்காசிக்கும் காஸ் வரப்போகிறது, வந்தால் முதல் கனெக்ஷன் உங்களுக்குத்தான் என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இராமலட்சுமி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை ரஹ்மத்திடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வேண்டாம் ஆச்சி. எதுக்குக் குடுத்தேன்னே எனக்கு இப்பத் தெரியல. திருப்பி வாங்குனா அது வேற என்ன கணக்குன்னு யோசிக்கணும்."

அந்தச் சீசன் முடிவதற்குள் கொத்தனார் புகைக்கூண்டைக் கட்டிமுடித்தார். புகை முழுக்கப் போகவில்லை. காற்று திரும்பி அடித்தால் கொஞ்சம் உள்ளேயே இறங்கியது. ஆனாலும் வடிவாம்பாள் கொல்லையில் போய் நனைந்துகொண்டு நிற்பது குறைந்தது. நீலத் தீயை நினைத்து அவ்வப்போது பெருமூச்சு விட்டாள். அக்கா அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஒரு மத்தியானம், பந்தி முடிந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது இராமலட்சுமி கேட்டாள்:

"ஏட்டி வடிவு, நாளப்பின்ன அந்தத் தம்பி நெசமாவே காஸ் கொண்டாந்தான்னு வையி. வாங்குவியா?"

"வாங்குவேன்."

"அது யாருதா இருக்கும்?"

வடிவாம்பாள் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். "தெரியலக்கா" என்றாள். "ஆனா அடுத்த தடவ அடுப்பு எரியலைன்னா ஒன்கிட்டச் சொல்லமாட்டேன்."

இராமலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசச் சட்டியைத் தங்கையின் பக்கம் நகர்த்தினாள்.