அடையாற்றுப் பனிமலை

அடையாற்றில் ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில் இமயமலை இருந்தது. ஆளுயர அலமாரி, கண்ணாடிக் கதவு, மின்சாரக் குளிர். சாந்தோம் ஜாஸ்பர்தான் அதற்கு ஆராய்ச்சி மாணவன், காவலாளி, வருணபகவான் எல்லாம்.

உள்ளே இரண்டு தட்டுகள். இரண்டிலும் மலையுச்சியில் முளைக்கும் குள்ளச் செடிகள். மேல்தட்டுக்குப் பனி: பொடித்த ஐஸைத் தொட்டிகளில் குவிப்பான், அது நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உருகி வேருக்கு இறங்கும். கீழ்த்தட்டுக்கு அதே அளவு தண்ணீர், ஒரேயடியாக, மழையாக. மலைகளில் இப்போது பனி குறைந்து மழை கூடுகிறது. மழைநீர் தங்காமல் ஓடிவிடுகிறது. கோடையில் வேர் காய்கிறது. அதனால் செடியின் வளர்ச்சி எவ்வளவு குறைகிறது என்று சொன்னால் முனைவர் பட்டம். மேல்தட்டு போனால் ஒப்பிட ஆளில்லை, பட்டமுமில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். ஐஸ் இயந்திரமும் தன் பங்குக்கு லீவு எடுத்துக்கொண்டது.

ஜாஸ்பர் சாந்தோம் கடற்கரையில் மீன் விற்கும் லூயிஸ் மாமாவிடம் போனான்.

"மாமா, ஒரு பெட்டி நிறைய ஐஸ் வேணும்."

"இன்னா மீனுக்கு?"

"செடிக்கு."

"செடிக்கு ஜுரமா?" லூயிஸ் பெட்டியை நிரப்பி மூடிக் கொடுத்தார். "உங்கம்மா உன்னையே கேட்டுக்கினு கீது. பக்கத்துத் தெருதான? எட்டிப் பாத்துட்டுப் போ."

"உருகிடும் மாமா."

பஸ்ஸில் நல்ல கூட்டம். மீன் வாடைப் பெட்டிக்காரன் பக்கத்து சீட் மட்டும் கடைசிவரை காலி.

இரண்டொரு நாளில் மேல்தட்டு இலைகளின் ஓரம் கருகியது. தொட்டிக்கடியில் சொட்டிய நீரை விரலால் தொட்டு நக்கினான். கடல். லூயிஸுக்குப் போன் போட்டான்.

"மாமா, ஐஸ்ல இன்னா போட்டே?"

"உப்புதான் நைனா. உனக்குன்னு ரெண்டு கை கூடவே போட்டேன். குளிரு நிக்கணும்ல?"

அவ்வளவு பாசத்தை எப்படித் திட்டுவது? "தேங்க்ஸ் மாமா" என்று வைத்துவிட்டான்.

உப்பை இறக்க ஒரே வழி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றினால் அது பனித்தட்டு அல்ல, இன்னொரு மழைத்தட்டு. ஊற்றாவிட்டால் பனித்தட்டாகவே சாகும். வழிகாட்டிப் பேராசிரியருக்கு விஷயத்தை எழுதி, "ஊற்றவா சார்?" என்று கேட்டான். பதிலாக மினுமினுக்கும் கிறிஸ்துமஸ் மரப் படம் ஒன்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

ஜாஸ்பர் செடிகளைப் பார்த்தான். இந்த வாரம் தினமும் அவன் முகத்தைப் பார்த்த உயிர்கள் அவை மட்டும்தான். முதல் குடத்தை ஊற்றினான்.

அம்மா ஃப்ளோரன்ஸ் போன் செய்தாள். "இன்னாடா பண்றே?"

"மழை பெய்ய வெச்சிக்கினு இருக்கேம்மா. பனி முடிஞ்சிபோச்சு."

"தனியாவா?"

"ம்."

"பனி இல்லன்னா அங்க இன்னாடா வேலை? வூட்டுக்கு வா."

வாளியில் வடிந்ததை மறுபடி தொட்டு நாக்கில் வைத்தான்.

"இன்னும் கரிக்குதும்மா" என்று சொல்லி, அடுத்த குடத்தைத் தூக்கினான்.