ஐந்தாம் வசனம்

டோரிஸ் பெட்டியில் கிடத்திய அப்பாவின் தாடைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பேசில் உள்ளே வந்தார். அப்பா வேலை பார்த்த பட்டறையின் ஹெட் கிளார்க். சபையிலும் அவரே மூப்பர். தலையெண்ணெய் நெற்றியில் வழிந்தது. பெருவிரலால் வழித்துவிட்டுக்கொண்டார்.

"பாஸ்டரு கிள்ளான்ல மாட்டிக்கிட்டாரு, வெள்ளம். நான்தான் நடத்தணும். ஞானமுத்து பைபிள் எங்கம்மா?"

அம்மா அப்பாவின் பைபிளை எடுத்துக் கொடுத்தாள்.

போன வருஷம் ஆட்குறைப்புப் பட்டியல் எழுதியவர் பேசில். தன் மைத்துனன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் அப்பா பெயரை எழுதினார். அது எல்லாருக்கும் தெரியும். வேலை போன பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் பின்சந்தில் ஒற்றை அறை, சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறினார்கள். அப்பா போகவில்லை. கிழங்குத் தட்டின் முன் தினமும் மேய்ப்பன் சங்கீதத்தைச் சொல்வார். சொல்லி முடித்த பிறகே கிழங்கைத் தொடுவார். ஞாயிறுகளில் சபையிலும் எழுந்து சொல்வார். பகைவர் பார்த்திருக்க விருந்து வைக்கப்படும் என்கிற ஐந்தாம் வசனம் வரும்போது பேசில் பக்கம் திரும்புவார். பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

நேற்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "அடக்கத்துல அத ஒரு வரி விடாம படிக்கச் சொல்லு பாப்பா. அவன் வந்து நிப்பான். நிக்கட்டும்."

பேசில் அந்தச் சங்கீதத்தை வாசித்தார். குரல் நன்றாக இருந்தது. அதைத்தான் டோரிஸால் பொறுக்க முடியவில்லை. வாயோரத்தில் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. நான்காம் வசனத்திலிருந்து ஆறாவதற்குத் தாவினார்.

"ஆமென். பெட்டிய மூடுங்கப்பா. மழை வருது."

அந்தச் சபையில் பெண்கள் வாய் திறப்பதில்லை. டோரிஸ் மூடியைத் தூக்கவிடாமல் அதன்மேல் கை வைத்தாள். தச்சர் பக்கிரிசாமி சுத்தியலை இறக்கினார்.

"ஒரு வசனம் விட்டுட்டீங்க, அங்கிள்."

"துக்க வீட்டுல அதெல்லாம் எதுக்கும்மா? சமாதானமா அனுப்பி வைப்போம்."

"சமாதானமாத்தான். படிங்க."

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. பேசில் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சிருங்கண்ணே," என்றார் பக்கிரிசாமி. "ஆணிய கையில வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம்லா நிக்கிறது?"

பேசில் எண்ணெய் படிந்த பெருவிரலை வரியின்மேல் அழுத்தி வைத்துப் படித்தார். இப்போது குரல் நன்றாக இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் டோரிஸ் பைபிளைத் திறந்தாள். ஐந்தாம் வசனத்தின்மேல் எண்ணெய்க் கறை. மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்துகள் ஊடே தெரிந்தன. முந்தானையால் துடைத்தாள். கறை பரவியது.

எண்ணெயை உறிஞ்சட்டுமென்று கிழங்கு மாவை எடுத்துவந்து அதன்மேல் தூவினாள். பிறகு, பைபிளை மூடாமல், அப்பா தட்டு வைக்கும் இடத்தில் வைத்தாள்.