ஒரு மூலை மஞ்சள்

முனிரத்தினத்துக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஆம்பூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் மனுஷன் நாற்பத்தொரு வருஷமாக ஒரு தபால் கார்டின் மேல் கோபமாக இருக்கிறார் என்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில்தான் அவருடைய ஒரே மகள் சந்திராவுக்குத் தெரிந்தது.

சந்திராவின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை வைக்க, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா பக்கத்தில் ஒரு சொந்தம்கூட இல்லை. சொந்த ஊர்ப்பேரைக் கேட்டாலே, "எனக்கு யாரும் கெடையாது" என்று கத்துவார். மகள் அழுத அழுகையில் ஒருநாள் இளகிப்போய், பெட்டியிலிருந்து கார்டை எடுத்துப் போட்டார்.

"மூத்தவன் நான் இருக்கச்சொல்ல, எளையவனுக்குப் பொண்ணு பேசினாங்க. சண்ட போட்டுட்டு இங்க தோல் கம்பெனி வேலைக்கு வந்துட்டேன். மூணே மாசத்துல தம்பி மஞ்ச தடவி கார்டு போட்டுட்டான். ஊரு பேரு அதுல இருக்கும், போ."

கார்டு தெலுங்கில் இருந்தது. அவருக்கோ எழுத்து வாசனை கிடையாது. மஞ்சளைப் பார்த்த கையோடு பெட்டியில் போட்டவர், யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை.

சந்திரா சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறினாள். அவள் தைக்கிற ஷூ கம்பெனியில் முன்பு சூப்பர்வைசராக இருந்த அரங்கநாதன் வீடு அங்கேதான்; சித்தூரில் படித்தவர், தெலுங்கு தெரியும். அவர் கார்டை வாங்கித் தமக்குள் ஒரு தரம் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"அண்ணா, அம்மா படுத்த படுக்கையா கெடக்கறா. உன் பேரையே சொல்றா. நீ இல்லாம எனக்குக் கல்யாணம் வேணாம்னு நிறுத்திட்டேன். உடனே பொறப்பட்டு வா."

"அப்போ இந்த மஞ்ச இன்னா சார்?"

"கல்யாணக் கடுதாசின்னா நாலு மூலையும் தடவுவாங்கம்மா. இதுல ஒண்ணுதான். கட்டைவிரல் ரேகை தெரியுது பாரு."

சந்திரா கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் கறை அது. தொட்டியில் வேலை செய்த யாரோ ஈரக்கையோடு தபால்காரரிடம் வாங்கி நைனாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கறை படிந்த கையால்தான் நைனா அவளுக்குச் சோறு ஊட்டினார். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். நாலு மூலையையும் பார்க்கத்தான் பொறுமையில்லை. கோபக்காரருக்கு ஒரு மூலை போதாதா!

"இப்போ எழுதிப் போட்டா?"

"எழுதலாம். தம்பி உயிரோட இருந்தா பதில் வரும்."

நைனாவின் அம்மாவைப் பற்றிக் கேட்க இனி என்ன இருக்கிறது!

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். இரண்டு தடவை நெஞ்சுவலி கண்ட மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் அந்தத் தம்பியை எப்படிக் கல்யாணத்துக்கு அழைப்பது?

முனிரத்தினம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா, படிச்சியா? அவன் கல்யாணம் எந்தத் தேதின்னு போட்டிருக்கான்?"

"தேதி போடல நைனா."

"எப்டிப் போடுவான்? போட்டா நான் வந்து நின்னுடுவேன்னு பயம்" என்றார், ஜெயித்துவிட்டவரைப் போல.