மறந்துபோன வகுப்பு

அக்காவும் தங்கையும் ஒரே நாளில் ஆங்கில ஆசிரியர் சான்றிதழ் வாங்கினார்கள். தங்கை விமானம் ஏறி வெளிநாடு போய், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நிறங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அக்கா பதினோரு வருடம் பார்த்த காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு, மூன்று தெரு தள்ளி, சைக்கிள் கடை மாடியில் பெரியவர்களுக்கு நடந்த மாலை ஆங்கில வகுப்பில் ஆசிரியராகச் சேர்ந்தாள். இரண்டு பேருக்கும் துணை, பயிற்சியில் கொடுத்த தடித்த கோப்பு ஒன்றுதான்.

அந்தக் கோப்பில் அக்காவுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கேள்வி கேட்ட பிறகு, மாணவர் யோசிக்கும்போது ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. மனதுக்குள் பதினைந்து வரை எண்ண வேண்டும். பதினைந்து போதாதோ என்ற பயத்தில் அவள் இருபது வரை எண்ணுவாள். எண்ணும்போது உதடு லேசாக அசையும். டீச்சர் தங்களுக்காக ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று வகுப்பில் இருந்த ஒன்பது பேரும் நம்பினார்கள். அவளுக்கு இது தெரியாது.

ஆறாவது மாதம் மேற்பார்வையாளர் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால், பழைய அலுவலகத்தில் அதே ஆடுகிற நாற்காலி.

"உன் மாணவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுக்கா," என்றாள் தங்கை போனில். "பெரியவங்க, புரிஞ்சுப்பாங்க. என்னோடதுங்க மாதிரியா? இங்க நான் என்ன சொன்னாலும் ஒருத்தி என் மூக்கைத்தான் பிடிச்சு இழுக்கிறா."

அக்கா மறுநாள் வகுப்பில் அப்படியே சொன்னாள். "வகுப்பு ஆரம்பத்துல உங்களுக்கு என்ன தெரியல, முடியும்போது என்ன தெரியுதுன்னுதான் அவர் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லன்னா அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன். ஆனா நீங்க பயப்படாதீங்க."

அவர்கள் பயப்படவில்லை. அவள் போன பிறகும் அரை மணி நேரம் அந்த அறையில் விளக்கு எரிந்தது.

புதன்கிழமை மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். மடியில் நீளமான படிவம். அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பி, 'கடவுளே, பஸ் டிரைவர் மட்டும் எப்படியாவது வந்துவிட வேண்டும்' என்று வேண்டிக்கொண்டாள். வகுப்பில் நன்றாகப் பேசுகிறவர் அவர்தான். கடவுள் அதை உடனே நிறைவேற்றினார். மீதியை அவள் பொறுப்பில் விட்டார்.

பாடம், வழி கேட்பதும் வழி சொல்வதும். படத்தில் இருந்த ஆஸ்பத்திரியைக் காட்டி, அங்கே எப்படிப் போவது என்று டிரைவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். பத்தொன்பது வருடம் அதே ஊரில் பஸ் ஓட்டிய மனிதர் அந்தப் படத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் இருபது வரை எண்ணினாள். வலது கை எது என்று கேட்டாள். அவர் நன்றாக யோசித்து இடது கையைத் தூக்கினார்.

தையல்காரம்மாவைக் கேட்டாள். அவர் ஆஸ்பத்திரியைக் காட்டிப் பள்ளிக்கூடம் என்றார். இரண்டு நிறப் பேனாவில் குறிப்பெடுக்கும் மருந்துக்கடைக்காரர், சாலை என்ற சொல்லையே இன்றுதான் கேட்பதாகச் சைகை காட்டினார்.

ஜோடியாகப் பேசும் பயிற்சி கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கம் குனிந்தாள். "என்னாச்சு உங்களுக்கு? உடம்பு சரியில்லையா?"

"பதறாதீங்க டீச்சர்," என்றார் அவர், உதடு அசையாமல். "இன்னும் இருபது நிமிஷத்துல எல்லாருக்கும் ஞாபகம் வந்துரும்."

சொன்னபடியே வந்தது. முப்பத்தைந்தாவது நிமிடம் மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இருமினார். டிரைவர் எழுந்து ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, ஸ்டேஷனுக்கும் ஆங்கிலத்தில் வழி சொல்லி, எந்த முனையில் எத்தனை மணிக்கு நெரிசல் என்பதையும் சேர்த்துக்கொண்டார். தையல்காரம்மா அவரை மடக்கிக் குறுக்கு வழி சொன்னார்.

மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு வருஷமா வகுப்புப் பார்க்கிறேன். நாற்பது நிமிஷத்துல இப்படி ஒரு முன்னேற்றம் பார்த்ததே இல்ல." கையெழுத்துப் போட மறுபடி பேனாவை எடுத்தார்.

ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால் போதும். ஒன்பது பேரும் அவளையே பார்த்தார்கள். அவர்கள் அன்போடு கொடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆனால் பொய்யின் மேல் நின்றுகொண்டு நாளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

"சார், இது எல்லாம் போன மாசமே அவங்களுக்குத் தெரியும். நல்லா வந்த பாடமாப் பார்த்து நானும் பயத்துல திரும்ப எடுத்தேன். இன்னைக்கு நான் புதுசா ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல."

"டீச்சர் மேல தப்பில்ல சார்," என்று டிரைவர் எழுந்தார். "மறந்துபோறதுன்னு முடிவு பண்ணினது நாங்க."

"நான் ஆஸ்பத்திரியை மட்டும் மறக்கிறேன்னேன்," என்றார் தையல்காரம்மா. "இவர் கையையே மறந்துட்டார்."

மேற்பார்வையாளர் படிவத்தைப் புரட்டினார். "இதை எழுத இதுல கட்டமே இல்லையே." பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில் வகுப்பைக் கேட்டார்: இவருக்காக ஏன் இப்படிச் செய்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. தையல்காரம்மா எழுந்து நின்று, சொல் கிடைக்காமல் புடவைத் தலைப்பைத் திருகினார். அவர் தேடிய சொல் அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லவில்லை. எண்ணத் தொடங்கி ஒன்பதில் எண்ணிக்கை தவறி, உண்மையாகவே பிரார்த்தனை செய்தாள்.

தையல்காரம்மா துண்டு துண்டான ஆங்கிலத்தில் சொன்னார்: "வீட்டில், ஆஸ்பத்திரியில், எல்லாரும் என் பேச்சை முடித்துவிடுவார்கள். இவர் முடிப்பதில்லை. காத்திருக்கிறார். நான் சொல் தேடும்போது எனக்காகப் பிரார்த்தனை செய்கிறார்."

"நான் பஸ்ஸில் யாருக்கும் காத்திருந்ததில்லை," என்றார் டிரைவர், அதே ஆங்கிலத்தில். "இப்போது ஓடி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் காத்திருக்கிறேன்."

மேற்பார்வையாளர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இதுவும் முன்னாடியே பேசி வச்சதா?"

"இல்லைங்க சார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "இதுக்கு நாங்க நேரமே ஒதுக்கல."

மேற்பார்வையாளர் தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். 'இன்றைய வகுப்பைப் புதிய பாடத்தோடு மறுபடி எடுக்க வேண்டும். ஆசிரியர் இங்கேயே இருக்கட்டும்.'

வீட்டுக்கு நடக்கும்போதே தங்கையை அழைத்தாள். தங்கை எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்து முடித்து, "பிரார்த்தனை இல்ல, எண்ணிக்கைதான்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன். தையல்காரம்மா நம்பல. நாளையிலேருந்து எண்ணி முடிச்சதும் அவங்க பேர்ல ஒரு வரி சேர்த்துக்கப் போறேன்."

"எனக்கும் அடுத்த வாரம் வகுப்புப் பார்க்க ஆள் வராங்கக்கா."

"புள்ளைங்ககிட்ட வாயைத் திறக்காத. அன்னைக்குன்னு எல்லாத்தையும் மறந்துரப் போறாங்க."

"மறக்கிறதுக்கு அதுங்களுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாதே," என்றாள் தங்கை. "சிவப்பு ஒண்ணுதான் தெரியும். அதுவும் என் மூக்கைப் பார்த்துதான்."